திரும்பப் பெற்ற கட்டுரை

லண்டனில் பாலாம்பிகைக்கு ஒரு பேராசிரியர் இருந்தார், வழிகாட்டிதான் இல்லை. யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று, புலமைப்பரிசிலில் ஆராய்ச்சி செய்ய வந்தவள் அவள். அவளைப் பொறுப்பேற்ற ஹார்டிங் பாதிக் காலம் அமெரிக்காவில், மீதிக் காலம் கூட்டங்களில். நடைவழியில் கண்டால், "எல்லாம் நன்றாகப் போகிறதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். 1988 முழுவதும் அப்படியே கழிந்தது.

அந்த வருடக் கடைசியில் நடந்த ஒரு கருத்தரங்கில்தான் லலிதாவை அவள் முதன்முதல் கவனித்தாள். பெயர்பெற்ற ஒருவர் பேசி முடித்து, கைதட்டலும் ஓய்ந்திருந்தது. பின்வரிசையில் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் எழுந்து, "இது பிழையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு எதையெல்லாம் சோதித்தீர்கள்?" என்று கேட்டாள். பேச்சாளர் சிரித்து மழுப்பினார். அவள் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை உட்காரவும் இல்லை.

மறுநாளே பாலாம்பிகை அவளுடைய அறைக்கதவைத் தட்டினாள். திருச்சிக்காரி, நாற்பதுகூட ஆகவில்லை. அதே துறையில் ஒப்பந்தத்தில் இருந்த ஆராய்ச்சியாளர்.

"டொக்டர், என்ர வேலையை ஒருக்கால் பாப்பீங்களோ?"

"பாக்கிறேன். ஆனா பாராட்டெல்லாம் எங்கிட்ட எதிர்பார்க்காதீங்க. எது சரியா வரலையோ அதை எடுத்துட்டு வாங்க."

"ஓம். அது நிறையவே கிடக்கு."

லலிதா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஹார்டிங் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது அவருக்கு. வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். போகப்போக "டொக்டர்" அக்காவானது. "வாங்க" என்பது "வா" ஆனது.

மனிதச் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த புற்றுநோய்க் கலங்களை, அதாவது செல்களை, ஒரு புதிய மருந்து அடக்குகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அடக்கியது. அதை எழுதி அனுப்பினார்கள். நல்லதொரு சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. லலிதாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட அந்தக் கட்டுரை மிகவும் தேவையாக இருந்தது. பாலாம்பிகைக்கும்தான். யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. திரும்பிப் போகிற நிலைமை இல்லை.

அச்சுக்குப் போகுமுன் ஒரு வெள்ளிக்கிழமை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, இந்தக் கலங்கள் சரியான வேகமா வளருது. சிறுநீரகக் கலம் இப்பிடி வளராது."

லலிதா பேனாவை மூடி வைத்தாள். "குரோமோசோம் பாத்துடலாம். எந்த செல்லுன்னு தெரிஞ்சிடும்."

முடிவு வந்தது. அவை சிறுநீரகக் கலங்களே அல்ல. எந்த ஆய்வுகூடத்திலும் வளர்க்கப்படுகிற வேறொரு புற்றுநோய்க் கலம், அவர்களுக்கு அனுப்பப்படுமுன்பே எங்கேயோ கலந்து, உண்மையானவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தைப் பிடித்திருந்தது.

"எங்கட பிழை இல்லையே, அக்கா."

"தப்பு நம்மளோடது இல்ல. கட்டுரை நம்மளோடது."

ஹார்டிங் முதலில் அச்சில் வரட்டும் என்றார். திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அவர் போனபின் லலிதா தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துவிட்டுப் பாலாம்பிகையைப் பார்த்தாள்.

"உன் பேருதான் முதல்ல இருக்கு. கட்டுரையைத் திரும்ப வாங்கிடலாமா? நீ சொல்லு."

பாலாம்பிகைக்குப் புலமைப்பரிசில், விசா எல்லாம் கண்முன் வந்தன. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், "திரும்ப எடுப்பம், அக்கா" என்றாள்.

லலிதா சஞ்சிகை ஆசிரியரை அழைத்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள்.

பாலாம்பிகைக்குப் புலமைப்பரிசில் நீட்டிக்கப்பட்டது. லலிதாவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் ஒருவரும் சொல்லவில்லை. ஹவுன்ஸ்லோ பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் ஷிப்ட் வேலைக்கு அவள் போனாள். சனிக்கிழமைகளில் பாலாம்பிகை ரெய்னர்ஸ் லேனில் இருந்த அவளுடைய பிளாட்டுக்குப் போவாள். சாப்பாட்டு மேசையில், சாம்பார்ப் பாத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆய்வேட்டைப் புதிதாகத் தொடங்கினார்கள். கலந்துபோன கலங்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இப்போதைய பொருள்.

1993இல் வாய்மொழித் தேர்வில் தேறிய அன்று பாலாம்பிகை நேரே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். கன்டீனில் லலிதா அவளைக் கட்டிப்பிடித்தாள்.

"அக்கா, உங்களுக்கு மனவருத்தம் இல்லையோ?"

இல்லை என்பாள் என்றுதான் நினைத்தாள்.

"இருக்கு. ஆராய்ச்சி இல்லாம இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கு, பாலா."

பாலாம்பிகை லலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இந்த வேலையைக் கட்டுரையா அனுப்பப் போறன். உங்கட பேரும் வரும்" என்றாள்.

"நான் இப்போ எந்த யுனிவர்சிட்டியிலும் இல்லையே. பேருக்குக் கீழ என்ன போடுவே?"

"வீட்டு விலாசம் போடுறன்."

லலிதா வேண்டாம் என்றாள், பாலாம்பிகை விடவில்லை. அடுத்த வருடம் கட்டுரை வெளிவந்தது. முதலாவது பெயரின் கீழ் பல்கலைக்கழகம் இருந்தது. இரண்டாவது பெயரின் கீழ் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பிளாட் இலக்கம்.