ஜவாதியின் பத்துக் குழாய்கள்

விடிந்ததும் முள்மரத்தை விட்டு இறங்கும் பபூன் குரங்குகள் முதல் வேலையாக வயிற்றைக் காலி பண்ணும். அந்த நல்ல நேரத்துக்காகக் காத்து நிற்பதற்குத்தான் சியோம்புவாவுக்குச் சம்பளம். இன்ன குரங்கு போட்டது என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் எடுத்தால் அது வெறும் பீ. குச்சியால் கிளறி, ஆல்கஹால் ஊற்றிய குழாயில் போட்டு, பெயரும் தேதியும் எழுதினால், அதிலுள்ள ஹார்மோனை அளக்கும் நைரோபி ஆய்வுக்கூடத்தில் அதற்கு ராஜ மரியாதை. பன்னிரண்டு வருஷமாக இதே உத்தியோகம்.

"டிண்டியைப் பாரும்மா, எதிர்த்த மலைக்கே தெரியும்போல!" என்றார் கூட வேலை பார்க்கும் மசாய்க்காரர் பர்சலோய்.

டிண்டி என்ற பெட்டையின் பின்புறம் பூசணி மாதிரி உப்பிச் சிவந்திருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற அப்படித்தான். முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் வந்து காற்றைப் பிடுங்கிவிடும். கரு தங்கினால் வாலோரத்துக் கறுப்புத் தோல் ரோஜா நிறமாகும்.

"அதுங்க கடைய விரிச்சு வச்சிருக்குதுங்கண்ணே. நம்ம சரக்கத்தான் ஆண்டவன் உள்ள வச்சுத் தச்சுட்டான்."

தைத்ததைப் பிரித்துப் பார்க்கத்தான் அவள் தவித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. ஒன்றரை வருஷமாக மாதவிடாயும் விருந்தாளி மாதிரி, நினைத்தால் வந்தது. பெருமழைக்கு முன் வயிறு திறக்கவில்லை என்றால் அவர்கள் கம்பா இன வழக்கப்படி அவளே ஒரு பெண்ணைக் கேட்டு, தன் மனைவியாகவே வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். கணவன் முடியோகாவுக்கு அந்தப் பெண் பெறுகிற பிள்ளைகள் சியோம்புவாவை அம்மா என்று கூப்பிடும்.

"இதுல அழ என்ன இருக்கு?" என்றாள் மாமியார். "எங்க பெரியம்மா கொண்டாந்தவ நாலு பெத்தா. நல்லாத்தான் இருந்தாங்க."

ஆஸ்பத்திரியில் நாத்தனார் வேலை பார்த்தாள். அங்கே காலையில் சோதித்தால் மத்தியானம் சந்தைக்கே தெரிந்துவிடும். அதனால் சியோம்புவா அந்த உத்தியோகத்தில் இருப்பவளுக்கு மட்டுமே தோன்றுகிற காரியம் ஒன்றைச் செய்தாள். ஜவாதி என்ற கிழட்டுப் பெட்டையை ஆகஸ்டிலேயே சிறுத்தை தின்றுவிட்டது. ஆய்வுக்கூடப் பட்டியலில் பெயர் இன்னும் உயிரோடு இருந்தது. வாரம் ஒரு குழாய், பத்து வாரம், தன்னுடையதையே ஜவாதி பெயரில் அனுப்பினாள். தாளில் ஹார்மோன் கோடு ஒரே ஒரு தரம் மேடு தட்டினால் போதும், மாமியாரிடம் இன்னொரு வருஷம் பேரம் பேசலாம்.

மாதக் கடைசியில் ஆய்வுக்கூடத்து பராசா தாள்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"டிண்டி ஜோர். எல்லாமே ஜோர். இந்த ஜவாதிதான்..." தாளை விரலால் சுண்டினார். "பத்து வாரமா ரெண்டு கோடும் பாய் விரிச்சுப் படுத்திருக்கு. முட்டையே இல்ல. கத முடிஞ்சுது. என்ன வயசு?"

"முப்பத்தி மூணு."

பராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பத்தி மூணு வயசுல பபூனா! கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காட்டலாமே!"

பர்சலோய் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தார். "இருபத்தி மூணு சார். வாய் தவறிச் சொல்லிட்டா."

"அப்பச் சரி, கெழவிதான். திரும்ப வரவே வராதும்மா. அதுக்குப் போய் ஏன் குழாய வீணடிக்கிற? பேர அடிச்சுடு."

அவள் பேனாவை எடுத்தாள். அளவுகோல் வைத்து, ஜவாதியின் மேல் கோடு போட்டாள்.

ஜீப் போனதும் பர்சலோய் மெல்லக் கேட்டார். "அது ஆகஸ்ட்லயே செத்துருச்சேம்மா?"

"ஆமாண்ணே."

அவர் தன் பிளாஸ்க் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். அது ஆறும்வரை அவள் தொடவில்லை.

சனிக்கிழமை மாமியாரோடு பெண் பார்க்க எமாலிக்குப் போனாள். பெண்ணின் பெயர் இண்டிண்டா, வயது இருபது. குடுவையில் தயிர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். சியோம்புவாவின் கண் தன் பாட்டுக்கு, பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், அவள் இடுப்புக்குக் கீழே போய் நின்றது.

பெண் சட்டென்று திரும்பினாள். "என்னக்கா அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"புடிச்சிருக்கா?" என்று காதோரம் கேட்டாள் மாமியார்.

"நல்ல உடம்பு," என்றாள் சியோம்புவா. "இவளையே கேட்டுடலாம்."