தம்பி சாரான கதை

இன்ஜினியரின் மனைவி அந்த வெளிநாட்டு ஊருக்கு வந்த புதிதில் வாயிருந்தும் ஊமை. கணவன் காலையில் கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். அதுவரை ஒன்பதாவது மாடியில் அவளும் ஃபிரிட்ஜும்தான். பேச ஆளில்லாமல், ஃபிரிட்ஜின் உறுமலுக்கு 'ம்' கொட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். கணவனிடம் சொன்னால், போகப் போகப் பழகிடும், நான் பழகலையா என்பான். அதைக் கேட்டுக் கேட்டு, கோளாறு தன்னிடம்தானோ என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அவளைக் காப்பாற்றியது கட்டிடத்தின் கீழே இருந்த துணி துவைக்கும் அறை. வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவதென்று தெரியாமல் திருதிருவென்று முழித்தவளிடம், மாடிப்படி துடைக்கும் அம்மாள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, "சோப்புத் தூளை அதுல இல்லம்மா, பக்கத்துல போடு" என்றாள். தமிழ்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த அம்மாள் 'அக்கா' ஆனாள். பஸ்ஸில் எங்கே மணியை அழுத்துவது என்பதை அக்காதான் காட்டிக் கொடுத்தாள். லிஃப்டில் யாராவது ஏறினால் முகம் பார்த்துத் தலையசைக்க வேண்டும், இல்லாவிட்டால் திமிர் என்று நினைப்பார்கள் என்றாள். பக்கத்து வீட்டுக்காரி பேசாததற்குக் கோபம் காரணமில்லை, அவளுக்கும் கூச்சம்தான் என்றாள். விடுமுறை நாளில் பூங்காவுக்கு அழைத்துப் போய்த் தன் அறைத்தோழிகளிடம், "நம்ம தங்கச்சி" என்று சொன்னாள். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்காரியும் இவளும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதி பாஷையிலும் பாதி சைகையிலும் வம்பளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இது தெரிந்ததும் இன்ஜினியர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் கட்டிடமாம். படி துடைக்கிறவளோடு சிரித்துப் பேசினால் மானம் கப்பலேறிவிடுமாம். இனி அந்தப் பொம்பளையோடு பேச்சும் வேண்டாம், பூங்காவும் வேண்டாம் என்று ஒரே போடாகப் போட்டான்.

மறுபடியும் ஃபிரிட்ஜுக்கு 'ம்' கொட்டுவதா? மறுநாள் துவைக்கும் அறையில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா மாப்பைப் பிழிந்துகொண்டே இருந்தாள். கூட வேலை செய்த அறைத்தோழிக்குத்தான் பொறுக்கவில்லை, கொட்டிவிட்டாள். இதே இன்ஜினியர் தனியாக வந்த புதிதில் அவர்கள் தெருவில்தான் தங்கியிருந்தானாம். பஸ் ஏறத் தெரியாமல் அக்கா பின்னாலேயே நடந்தவனாம். அம்மை போட்டு, அறையில் இருந்தவர்கள் எல்லாம் ஓட்டம் பிடித்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அக்காவாம். பதவி உயர்ந்து இந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்த அன்று, ஆசையாகத் "தம்பி" என்று கூப்பிட்டவளிடம், "இங்க சார்னு கூப்பிடுங்க" என்றானாம்.

இதைக் கேட்ட மனைவிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காதே, குடும்பத்தில் சண்டை வேண்டாம் என்று அக்கா கெஞ்சியதால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே, நம் ஊர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த தொழிலாளர்களுக்கு, 'புது நாட்டில் பழகுவது எப்படி' என்று பேசக் கம்பெனி பிடித்தது இன்ஜினியரைத்தான். கட்டிடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம். மனைவி முன்வரிசையில் இருந்தாள். முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவதற்காக அக்கா பின்னால் நின்றாள்.

"நான் யார் தயவையும் எதிர்பார்க்கல. என் மனவலிமையாலதான் பழகினேன்" என்றான் இன்ஜினியர். அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு வெல்டர் தயங்கித் தயங்கி எழுந்து, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். அதற்குத்தான் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு இருக்கிறதே என்று இன்ஜினியர் சிரித்தான்.

அவ்வளவுதான், அவள் எழுந்துவிட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு அம்மை போட்டப்ப கஞ்சி காய்ச்சிக் குடுத்தது இன்சூரன்ஸ் கார்டா?"

அவள் பின்னால் திரும்பிக் கையைக் காட்டினாள்.

"அதோ நிக்கிறாங்களே அக்கா, அவங்கதான் குடுத்தாங்க. இந்த ஊர்ல பழகணும்னா அவங்களக் கேளுங்க. இவரும் அப்படித்தான் பழகினாரு."

முதலில் வெல்டர் போனார். பிறகு ஒவ்வொருவராக அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த பஸ், எந்தக் கடை, எந்த டாக்டர் என்று கேள்வி மேல் கேள்வி. அவளும் போய் அக்காவின் பக்கத்தில் நின்று, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். இன்ஜினியர் முன்வரிசை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே முன்வரிசைக்கு வந்தாள். அவன் தலையைத் தூக்கி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, "அக்கா" என்றான்.

"நாற்காலிய எடுக்கணும் சார்" என்றாள் அக்கா. "கொஞ்சம் எந்திரிங்க."