குறை சொல்லாத பிள்ளைகள்

குத்தாலத்துப் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்க வந்த ஈஸ்வரி, முதல் நாளே ஒரு தப்புச் செய்தாள். மகள் தஹ்மீனாவைக் கொண்டுவந்து விட்ட லத்தீஃபா, எல்லாத் தாய்மார்களும் சொல்வதுபோல, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்றாள். சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? "நான் அடிக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டாள் ஈஸ்வரி. லத்தீஃபாவின் முகம் விழுந்துவிட்டது. ஊசி போடாமல் மாத்திரை மட்டும் எழுதிக்கொடுக்கும் டாக்டரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அது போதாதென்று பிள்ளைகளிடம், "எது பிடிக்கலைன்னாலும் வாயைத் திறந்து சொல்லுங்க, என்னைப் பத்தின்னாலும் சரி" என்று வேறு சொல்லிவைத்தாள். பிள்ளைகள் விடுவார்களா? தண்ணீர் சுடுகிறது, நெட் கிழிந்திருக்கிறது, அக்கா நேற்றுக் கத்தினீர்கள் என்று நாளெல்லாம் நச்சரிப்பு. அதில் தஹ்மீனாதான் ராணி. ஈஸ்வரிக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

ஊரின் மறுகோடியில் கலியமூர்த்தி மாஸ்டரின் வாலிபால் மைதானம். அவர் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். அங்கே பந்தின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

இந்த நேரத்தில்தான் பயிற்சி மைதானங்களில் குழந்தைகளின் பாதுகாப்பை உறுதிசெய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. விளையாட்டுக் கழகச் செயலாளர் ரகுராமன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உடனே ஒரு குழு அமைத்துத் தானே அதற்குத் தலைவருமானார். எது பாதுகாப்பானதோ அந்த மைதானம் மட்டும் நடக்கும், மற்றதை மூடிப் பிள்ளைகளை அங்கே மாற்றிவிடுவது என்று முடிவு. ஈஸ்வரி உள்ளூர மகிழ்ந்துபோனாள், பாவம்.

குழு வந்த அன்று அவள் மைதானத்தில் பாதியைக் குறுவை நெல் அடைத்துக்கொண்டு காய்ந்தது. "ஏதாவது குறை இருக்காம்மா?" என்று ரகுராமன் கேட்டதுதான் தாமதம், அத்தனை கையும் மேலே போயிற்று.

தஹ்மீனா முந்திக்கொண்டாள். "நெல்லுல பந்து விழுந்தா காயப்போட்ட மாமா திட்றாரு சார். ஈஸ்வரியக்கா கோவத்துல என்னை வெளிய உக்கார வச்சாங்க. அப்புறம் சாரி சொன்னாங்க. ஆனா லேட்டாத்தான் சொன்னாங்க."

ரகுராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஈஸ்வரியையும் கூட்டிக்கொண்டு அடுத்த மைதானத்துக்குப் போனார்கள். அதே கேள்வி. பிள்ளைகள் கலியமூர்த்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லைங்க ஐயா" என்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள்.

"பாத்தீங்களா? இங்க ஒரு புகார்கூட இல்ல. உங்க இடத்துல வாயெல்லாம் புகாரு" என்றார் ரகுராமன்.

"பயந்து நிக்கிறாங்க சார்."

"அதுக்குப் பேரு மரியாதைம்மா."

கலியமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஈஸ்வரியின் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அவளுடைய பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து, சம்பா கதிர்விட்ட சமயத்தில் கடைத்தெருவில் தாயையும் மகளையும் பார்த்தாள் ஈஸ்வரி. தஹ்மீனாவின் புறங்கையில் நீளமாக ஒரு கோடு கன்றிப்போயிருந்தது.

"என்னடி இது?"

பெண் தாயைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "பந்து பட்டுருச்சுக்கா."

பந்து கோடு போடாது. ஈஸ்வரி பேச்சுக்கொடுத்துப் பார்த்தாள். பயிற்சி எப்படி? நல்லாருக்கு. கூட விளையாடுகிறவர்கள்? நல்லாருக்காங்க. மாஸ்டர்? அதற்குத் தலை மட்டும் ஆடியது.

லத்தீஃபாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "இப்பல்லாம் வாயே திறக்கிறதில்ல டீச்சர். அவ அத்தா துபாய்லேர்ந்து பேசினாக்கூட ரெண்டு வார்த்தைதான். புள்ள நல்லாத் திருந்திட்டா."

இந்த வாயைத் திறக்கச் சொன்னவளே ஈஸ்வரிதான். அதையே குற்றமாக்கிப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே என்று ஆறவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒதுங்கி நின்று குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"குழந்தை உங்ககிட்ட ஏதாவது புகார் சொன்னாளாங்க?"

"இல்லைங்க. ஒண்ணுமே சொல்லலை" என்றாள் ஈஸ்வரி. "அதுக்குத்தான் கூப்பிடுறேன்."