மொட்டை மைனா

துண்டை வீசிய வேகத்தில் மைனா அதற்குள் சிக்கிக்கொண்டது. சலூனில் வாடிக்கைக்காரர் கழுத்தில் துணி போர்த்துகிற அதே வீச்சுதான். பெரியவர்களுக்கான டயப்பர் வந்த அட்டைப்பெட்டியில் ஏற்கெனவே ஓட்டை போட்டு வைத்திருந்தான். பறவையை உள்ளே விட்டு மூடி, ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினான். கட்டிலில் கிடந்த அப்பா இமையை மட்டும் அசைத்தார். கிளம்பு என்று அர்த்தம்.

தோட்டத்துக்கு வருகிற மைனாக்களில் இது ஒன்றுக்குத்தான் தலையில் ஒரு இறகுகூட இல்லை. மஞ்சள் தோலும் காதுத் துளையுமாகப் பார்க்கச் சகிக்காது. நுரையீரல் நோயாளி இருக்கிற வீட்டில் சீக்குப் பிடித்ததற்கு என்ன விருந்து என்று, தண்ணீர்க் கிண்ணத்தை அக்கா கவிழ்த்துக்கூடப் பார்த்தாள். அப்பாவோ பார்த்த மாத்திரத்தில் புழுவெட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆயுசு முழுக்கச் சலூன் நடத்தியவருக்கு மனுஷத் தலையும் மைனாத் தலையும் ஒன்றுதான். வெங்காயச் சாறு தடவினால் போதும் என்று ஒரே பிடிவாதம். மகனும் முடிவெட்டுகிறவன்தான், ஆனாலும் பறவைக்கு வெங்காயம் தேய்க்கிற அளவுக்கு அவனுக்கு இன்னும் முற்றவில்லை. டாக்டரிடம் காட்டுகிறேன் என்று சொல்லித் தப்பித்தான்.

அப்பாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அதை, நல்லா தேறிட்டீங்களாம் என்று அப்பாவிடம் மாற்றிச் சொன்னவள் அக்கா. பார்க்க வந்த சொந்தக்காரர்களும் அதையே பாடினார்கள். கடையில் அவர் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. முளைக்கும் என்றால் முளைக்கும். முளைக்காது என்றால் தொப்பி வாங்கிக்கொள், அவ்வளவுதான். அந்த வாயாலேயே பல வாடிக்கைகளை இழந்தவர். இன்று காலை மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என்னைப் பத்தித்தான் ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டேங்கிறீங்க. அந்த மைனாவைப் பத்தியாவது கேட்டுட்டு வந்து உள்ளதைச் சொல்லுடா."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்கப்பா என்றாள் அக்கா. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மிருக டாக்டரம்மா பெட்டிக்குள் பார்த்துவிட்டுச் சிரித்தார். நோயும் இல்லை, நொடியும் இல்லை. எல்லாப் பறவையும் பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடும். ஒவ்வொன்றாக விழுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிலது மட்டும் தலை இறகை மொத்தமாகக் கொட்டிவிட்டு இப்படி நிற்கும். வெங்காயம் கிங்காயம் என்று ஆரம்பித்தால்தான் அதன் கதை முடியும் என்றார். பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மஞ்சள் தோல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புது இறகின் முள் கிளம்பியிருந்தது. அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டுக்குள் கொண்டுபோகிற மாதிரி ஒரு நல்ல சேதி கிடைத்து எத்தனை நாளாயிற்று!

போனை எடுத்தான். பிறகு பைக்குள் போட்டுவிட்டான். முகத்துக்கு நேராகச் சொன்னால்தான் அப்பா நம்புவார்.

வாசலில் ஏகப்பட்ட செருப்புகள் கிடந்தன. யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்த சித்தப்பா அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, வாடா என்றார். அவன் பெட்டியோடு பின்பக்கம் போய் மூடியைத் திறந்துவிட்டான். மைனா எந்தப் பக்கம் பறந்தது என்று பார்க்கவில்லை. உள்ளே ஆக்சிஜன் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தலாம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் போய் நிறுத்தினான்.

இன்னும் ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள், முகத்தை மட்டும் சரி பண்ணிவிடு என்றார் சித்தப்பா. வேறு யார் கை பட்டாலும் அப்பாவுக்குப் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அறையைக் காலி பண்ணச் சொன்னான். அக்கா கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். இனி அவருக்குச் சூடு தெரியப்போவதில்லை என்றாலும் அவன் அதில்தான் பிரஷை நனைத்தான்.

வலது கன்னத்தை மழித்து முடிக்கிறபோது அவள் பேசினாள்.

"நீ போனதுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு. மூச்சு வாங்குறப்பவும் அதையேதான் கேட்டாரு. நீ போன் பண்ணேன்னு சொல்லிட்டேன்."

கத்தி நின்றது. "என்னன்னு சொன்னே?"

"ஒண்ணுமில்லையாம், முளைச்சிடுமாம்னு. அப்புறம் கேக்கல. கண்ணை மூடிக்கிட்டாரு." கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடைசியாக்கூட அவர்கிட்ட பொய்தான்டா சொன்னேன்."

அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தைகள் அவை. அவற்றை அவள் சொல்லி முடித்திருந்தாள். கத்தியைத் துணியில் துடைத்தான்.

"பொய் இல்லக்கா. டாக்டரம்மாவும் அதேதான் சொன்னாங்க."

"எனக்காகச் சொல்லாத."

இந்த வீட்டில் வேறென்ன பதிலை எதிர்பார்க்க முடியும்? சத்தியம் பண்ணலாம், அதையும் நம்ப மாட்டாள். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தான். அவள் விரலைப் பிடித்து, இன்னும் மழிக்காத இடது கன்னத்தில் வைத்தான். நாலைந்து நாள் முடி நரைமுள்ளாகக் குத்திட்டு நின்றது.

"மைனாவுக்குத் தலை பூரா இப்படித்தான் இருந்துச்சு. பார்த்தேன்."

அவள் விரல் கன்னத்தில் மேலும் கீழுமாகப் போயிற்று. அவள் கையை எடுக்கிற வரைக்கும் அவன் அந்தப் பக்கம் சோப்பு தடவவில்லை.