ஏசுதாசனின் விளக்குக் கூடு

என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு விளக்குக் கூடு செய்வார். அது காய நாலு நாள் ஆகும். ஐந்தாம் நாள், அவர் மத்தியானம் கண்ணயர்ந்திருக்கும்போது, அதை எடுத்துத் தண்ணீர் ட்ரம்மில் போட்டுக் கரைத்துவிடுவேன். எட்டு மாதமாக எங்கள் குடும்பம் நடந்த லட்சணம் இதுதான்.

பாவி என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, வாயில் ஊட்டிய கஞ்சியைத் துப்புகிற மனுஷனோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து பேசுங்கள்.

அவர் பெயர் ஏசுதாசன். கம்பத்தில் இருபத்திரண்டு வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். ரெடிமேட் வந்து கடையில் ஈ ஓட்ட ஆரம்பித்தோம். குமுளிப் பக்கத்து விடுதிக்காரர்களுக்கு மண் விளக்குக் கூடுகள் மேல் ஆசை வந்த சமயம் அது. யாரோ சொல்லி, மூன்று வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார்.

"ஈவா, இதுவும் நம்ம தொழில்தான். துணிக்குப் பதிலா மண்ணு, ஊசிக்குப் பதிலா முள்ளுக்கரண்டி" என்றார்.

உண்மையும் அதுதான். சக்கரம் கிடையாது. கண்மாய் மண்ணைப் பிசைந்து, உருளைக் கட்டையால் சப்பாத்தி மாதிரி தகடாகத் தேய்க்க வேண்டும். தகட்டின் மேல் அளவு அட்டையை வைத்து, ஓரத்தை ஒட்டிக் கத்தியை ஓட்ட வேண்டும். வெட்டிய துண்டு தோல் மாதிரி விறைத்ததும் விளிம்புகளை முள்ளுக்கரண்டியால் கீறி, சேறு தடவி ஒட்ட வேண்டும். ஆறு பக்கம் சேர்ந்தால் ஒரு கூடு. ஒரு பக்கம் நூலளவு பிசகினாலும் ஆறாவது பக்கம் வந்து சேராது.

காகித அட்டை ஈரத்தில் ஊறிவிடும் என்பதால், ஸ்கேன் சென்டரில் கழித்துப் போட்ட எக்ஸ்ரே பிலிமில் அளவு வெட்டினார். யாரோ ஒருத்தருடைய விலா எலும்பை வைத்துத்தான் விடுதி வராந்தாவுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தோம். காடாத் துணி தண்ணீரில் சுருங்குகிற மாதிரி மண் நெருப்பில் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்து அளவு வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். கால் பாதி திரும்பியது. பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று வந்தது. வலது கை வரவேயில்லை. கண்ணிலும் வலப்பக்கம் மறைந்துவிட்டது என்றார் டாக்டர். சோற்றுத் தட்டில் வலப்பக்கம் வைத்த கூட்டு தொடாமல் அப்படியே இருக்கும். அதைச் சொன்னால், கூட்டே வைக்கவில்லை என்று என்னோடு சண்டைக்கு வருவார்.

கொஞ்ச நாளில் சண்டையும் நின்றுபோனது. சாப்பாடும் நின்றது. வேறு வழி தெரியாமல் ஒரு நாள் காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒரு தகட்டைத் தேய்த்துப் போட்டேன். இடது கையால் கத்தியை எடுத்தார். சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிரவில்லை. ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அவர் செய்த கூட்டைப் பார்த்து அடுத்த நாளும் அழுதேன். பிலிமை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை இல்லை. கத்தி நகரும்போது பிலிமும் கூடவே நகரும். வலப்பக்க விளிம்பு சரிந்து போவது அவர் கண்ணுக்குத் தெரியாது. "கொஞ்சம் கோணியிருக்குங்க" என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் பட்டினி கிடந்தார். அதற்குப் பிறகு நான் உண்மை பேசுவதை விட்டுவிட்டேன். எது செய்தாலும் நல்லா வந்திருக்கு என்றேன், சூளையில் சுட்டுக் குமுளிக்கும் அனுப்பியாச்சு என்றேன். அவர் சாப்பிட்டார்.

காய்ந்திருந்தாலும் சுடாத பச்சை மண் தண்ணீரில் விழுந்ததும் சொர்ரென்று குமிழி விட்டு உட்கார்ந்துவிடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்தச் சேற்றை எடுத்து வடித்து, பிசைந்து, மறுபடி தகடாக்கி அவர் முன்னாலேயே போடுவேன். அதே மண். குமுளிக்குப் போகிற சரக்கெல்லாம் நானும் மாரீஸ்வரியும் செய்தது. மாரீஸ்வரி அடுத்த வீட்டுப் பெண், ஒட்டு வேலைக்கு வருகிறவள்.

"பாவம்லக்கா இது" என்றாள் ஒரு தடவை. "அண்ணே எம்புட்டு ஆசையா செய்றாக."

"நீ மண்ணைக் கரை. பாவத்தை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பிசையும்போது இரண்டு தடவை மண்ணுக்குள் சிவப்பு நூல் வந்தது. சேலையை ஒழுங்காகச் செருகிக்கொண்டு வேலை செய் என்று அவளைத்தான் திட்டினேன்.

மூன்றாவது நூலை அவரே எடுத்தார்.

காலை நேரம். அவருக்கான தகட்டை அப்போதுதான் தேய்த்து முடித்திருந்தேன். இடது கை நகத்தால் மண்ணைக் கிளறி, நூலை உருவி மேஜை மேல் நீட்டி வைத்தார்.

"இது... என் நூலு."

"மாரி சேலை நூலா இருக்கும்ங்க."

"இருவத்திரெண்டு வருசம்... நூலு பாத்தவன்ட்டயா சொல்ற?" என்றார். கோபமே இல்லை. "போன வாரம்... பின்பக்கத் தகட்டுல... வச்சு அமுக்குனேன். சூளைக்குப் போயிருந்தா... எரிஞ்சிருக்கும்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். எப்போதிருந்து சந்தேகம் என்று கேட்டேன்.

இரண்டு மாதம் முன்னால் குமுளி விடுதிக்காரர் போனில் பேசியதைச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "சேச்சி, இதுவரைக்கும் ஒரு பீஸ்கூடத் திருப்பி அனுப்பலை கேட்டோ" என்று அந்த மனுஷன் மலையாளம் கலந்து புகழ்ந்தார். இவர் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று சத்தத்தை நான்தான் கூட்டி வைத்தேன்.

"ரெண்டு கையும் நல்லா இருந்தப்பவே... நூத்துக்கு ரெண்டு... திரும்பி வரும், ஈவா. ஒத்தக் கையில செஞ்சு... ஒண்ணுகூட வரலன்னா... என்ன அர்த்தம்?"

மேஜையில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினேன்.

"ஒண்ணுகூடவா... சூளைக்குப் போகல?"

நாலைந்து போயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாக வாய் கூசாமல் சொன்னவளுக்கு அன்றைக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. "இல்லங்க" என்றேன்.

"எத்தன?"

"எண்ணல."

இருநூற்று மூன்று. ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்.

மேஜை மேல் கிடந்த நூலை விரலால் நேராக நீவிவிட்டார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு சுடு. என்னோடத" என்றார். ஒட்டில் காற்று நின்றிருந்தால் சூளைக்குள் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதும் உடையும் என்றேன். "வெடிச்சா வெடிக்கட்டும். தனியா வையி."

அந்தக் கூட்டுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பிலிமைப் பிடிக்கட்டுமா என்றேன். வேணாம் என்றார். கத்தி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பிலிம் ஒரு அரிசி அளவு நகர்ந்தது. நான் எதிரே உட்கார்ந்து, கையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். நெற்றி வேர்வை சொட்டித் தகட்டில் விழ, அதை விரலால் தடவிவிட்டார். அந்த ஒரு விளிம்பை நேராக வெட்ட முடிந்தால் போதும், வேறெதுவும் கேட்க மாட்டேன் என்கிற முகம். கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தை நான் அப்படி நேசித்ததில்லை.

காய்ந்ததும் சூளையில் மேல்தட்டில் தனியாக வைத்தேன். பற்றவைத்துவிட்டு ஜெபம் பண்ணினேன். நன்றாக வரட்டும் என்று கேட்கவில்லை. ஆண்டவரே, அது சுக்குநூறாக வெடித்துப் போகட்டும் என்று கேட்டேன். வெடித்தால் பழியை நெருப்பின் மேல் போடலாம். காத்து நின்னுடுச்சுங்க, யாருக்கும் நடக்கிறதுதான் என்று சொல்லலாம். அவரும் அதை நம்பி, அடுத்ததைச் செய்ய உட்காருவார். அந்த அளவுக்குக்கூட ஆண்டவர் இரங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சூளை ஆறியதும் அவரே வந்து பக்கத்தில் நின்றார். கதவைத் திறந்தேன். கூடு முழுசாக இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆறாவது பக்கம் மேலிருந்து கீழ்வரை வாயைத் திறந்துகொண்டு நின்றது. வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பெருவிரலை அந்தத் திறப்பின் வழியாக நடத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"நல்லாத்தான் இருக்கு. அந்த இடைவெளி வழியாவும் வெளிச்சம் வரும்ங்க" என்றேன். என் வாய் இருக்கிறதே.

"உன்னோடது ஒண்ணு... எடு."

எடுக்கவில்லை. அவரே கையை நீட்டிக் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வலப்பக்கம் தெரிவதற்காகக் கழுத்தை முழுக்கத் திருப்பி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதத் தச்சவன..." என்று தன் கூட்டைத் தொட்டு ஆரம்பித்து, மூச்சு வாங்கி, "கடையில... ஒரு நாளு வச்சிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க கேட்டிருக்கக் கூடாது. நான்பாட்டுக்குக் கரைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்கபாட்டுக்குச் செஞ்சுக்கிட்டு இருந்தீக. யாருக்கு என்ன கொறஞ்சுச்சு? எதுக்கு நூலு வச்சுப் பாத்தீக?" என்று கத்தினேன். பச்சையாக இருக்கிறவரை எல்லாவற்றையும் கரைத்து மறைத்துவிட்டேன். சுட்ட மண்ணை எந்தத் தண்ணீரில் போட்டுக் கரைப்பது?

"உன் மேல... தப்பில்ல. மொதல்லயே சொல்லியிருந்தா... அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீ எட்டு மாசம்... தள்ளிப்போட்ட. அம்புட்டுத்தான்" என்றார்.

அன்று ராத்திரி இரண்டு வாய் சாப்பிட்டார். எனக்காகச் சாப்பிட்டார் என்பது அவர் விழுங்கிய விதத்திலேயே தெரிந்தது.

காலையில் எழுந்து மண் பிசைந்தேன். அவர் பக்கத்துக்கும் ஒரு தகடு தேய்த்துப் போட்டேன். வெட்கங்கெட்டவள் நான், இன்னமும் பொய் வைத்திருந்தேன். விடுதிக்காரர் அவசரப்படுத்துகிறார், உங்கள் கை இல்லாமல் முடியாது என்று சொல்லத் தயாராகத்தான் உள்ளே போனேன். தினமும் காலையில் நான்தான் அவருக்குச் சட்டை மாட்டிவிடுவேன். வராத கையை முதலில் நுழைத்து, பிறகு மற்ற கை. அன்றைக்கும் சட்டையை உதறிப் பிடித்துக்கொண்டு கட்டில் அருகே நின்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"எந்திரிங்க. மண்ணு காயுது."

திரும்பவில்லை. வலது கையைத் தூக்கிச் சட்டைக்குள் விடப் பார்த்தேன். இடது கையால் மெதுவாக என் கையை விலக்கினார்.

"வேணாம், ஈவா. வேலைக்குப் போறவனுக்குத்தான... சட்ட."

சொல்ல வைத்திருந்த பொய்யைச் சொல்லவில்லை. சட்டையை மடித்து அவர் கால்மாட்டில் வைத்தேன். பிறகு மாரீஸ்வரி வந்து கூப்பிட்டாள். அன்றைக்கு முடிக்க வேண்டிய கூடுகள் பதினெட்டு இருந்தன. போய் வெட்ட உட்கார்ந்தேன்.