அகிரோரின் அம்மா சொன்ன நிறம்

அமுகே தீப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த வண்டு செத்துப்போயிருந்தது. செத்தது மட்டுமென்றால் பரவாயில்லை, பழுப்பாகவும் ஆகிப்போயிருந்தது. காய்ந்த வெங்காயத் தோல் இருக்குமே, அந்தப் பழுப்பு. மாமரத்தடியில் நாற்பது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தோம். அவள் பெட்டியை வெயில் படும் பக்கமாகச் சாய்த்தாள். பிறகு நகத்தால் வண்டை லேசாகப் புரட்டினாள், நிறம் அடியில் எங்காவது சிந்திக் கிடக்கும் என்பதுபோல. வண்டு கால்களை மடக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் வேளாண் ஆபீஸ் மேலதிகாரி ஓலிங்கா தன் கண்ணாடிப் பெட்டியை அந்த மாமரத்தடிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். சர்க்கரைவள்ளிக் கொடிகளைத் தின்னும் பூச்சிகளை ஊசியில் குத்தி வரிசையாக வைத்த பெட்டி. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அவரே பிடித்தவை, அவரே கைப்பட எழுதிய சீட்டுகள். அந்தப் பெட்டியை ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார், வேறு யாரும் தொடக்கூடாது. சீட்டுகளை உரக்கப் படிப்பது மட்டும் என் வேலை. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. நிரந்தரம் செய்யும் தாளில் அவர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஆகவே நன்றாகவே படித்தேன். ஆமை வண்டு. உடல் வட்டம், நடுவில் மேடு. நீளம் ஒரு சென்டிமீட்டர். ஆமை ஓடு போன்ற மூடிக்குள் தலையும் கால்களும் மறைந்திருக்கும். மூடியின் ஓரம் கண்ணாடிபோல, அதன் வழியே அடியில் இருப்பது தெரியும். இதன் புழு தன் கழிவையும் உரித்த தோலையும் வால் கவட்டையில் கோத்து முதுகுக்கு மேலே குடைபோலச் சுமந்து திரியும். நிறம், மங்கிய பழுப்பு.

அப்போதுதான் அமுகே எழுந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் கனமானது. எல்லாம் சரி, நிறம் மட்டும் தப்பு, அது பழுப்பில்லை, தங்கம், என் தோட்டத்தில் வந்து பாருங்கள் என்றாள். தங்கம் விளைகிற ஊரில் நாம் ஏன் கிழங்கு நடுகிறோம் என்று ஓலிங்கா கேட்டார். கூட்டம் சிரித்தது. அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னபடியே கொண்டுவந்தாள். முந்தைய நாள் மாலையே பிடித்து, தீப்பெட்டியில் போட்டு, இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு, சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் நடந்து வந்திருந்தாள். பாவம், அது வழியிலேயே புழுங்கிச் செத்திருக்கிறது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டு தங்க நிறம்தான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெசோச் சீமையில் சர்க்கரைவள்ளி நடாத வீடு எது? எங்கள் வீட்டுச் சமையல் குடிசைக்குப் பின்னால் கிழங்கு மேடுகள் வரிசையாக இருக்கும். நானும் என் தங்கையும் அந்த வண்டைப் பிடித்து நகத்தின்மேல் உட்காரவைத்து மோதிரம் என்போம். யாருடைய மோதிரம் அதிக நேரம் மின்னுகிறதோ அவர்தான் ஜெயித்தவர். செத்தால் நிறம் போய்விடும். போனதும் வீசிவிட்டு வேறு பிடிப்போம். ஆக அது தங்கம் என்பதும் தெரியும், செத்தால் பழுப்பு என்பதும் தெரியும். ஓலிங்காவின் பெட்டியில் இருப்பது இருபத்தைந்து வருடத்துப் பிணம் என்பதும் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் போதும். செத்தால் நிறம் போய்விடும் சார். அவ்வளவுதான்.

ஓலிங்கா என் பக்கம் திரும்பினார். "எரியாகு, நீ படிச்சவன். நீயே சொல்லு."

நான் தீப்பெட்டியை எட்டிப் பார்த்தேன். பிறகு அமுகேயைப் பார்த்தேன். "அக்கா, வர்ற வழியில யாரோ தங்கத்தை மாத்திட்டாங்க போலிருக்கே. பெட்டிய யார்கிட்டயாவது குடுத்து வெச்சிருந்தீங்களா?"

மாமரமே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். அவளுடைய கொழுந்தன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். ஓலிங்கா என் தோளில் கை வைத்தார். வேலைக்குச் சேர்ந்த ஏழு மாதத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது என்பதை மறைக்க என்ன இருக்கிறது. அமுகே தீப்பெட்டியை மூடி, முன்புபோலவே துணியில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். செத்த வண்டைத் தூக்கி எறியாமல் முடிந்துகொண்டாளே என்று அதையும் சொல்லிச் சிரித்தார்கள்.

அன்றைக்கே கொடித் தோட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நோயில்லாத தாய்க்கொடிகளை வளர்த்து ஊருக்கெல்லாம் கொடுப்பது, வாராவாரம் என்ன பூச்சி வந்தது என்று படிவத்தில் எழுதுவது. மாமரத்துக்கு அடுத்த நிலத்தில்தான் தோட்டம். எல்லோரும் மனதில் அமுகேயைத்தான் வைத்திருந்தார்கள், அவள் கொடி வைத்துப் பட்டுப்போனதாகச் சரித்திரமே இல்லை. ஆனால் இல்லாததையெல்லாம் பார்க்கிறவளிடம் எப்படிப் படிவத்தைக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். வேலை இகிரிங் என்ற பெண்ணுக்குப் போயிற்று. இகிரிங் நல்லவள்தான். அடுத்த மூன்று மாதமும் அவள் படிவத்தில் ஆமை வண்டு, பழுப்பு என்றே எழுதிக்கொண்டிருந்தாள். சீட்டில் அப்படித்தானே இருந்தது.

கூட்டம் முடிந்தபின் கேழ்வரகுக் கள் பானையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆளுக்கொரு நீள உறிஞ்சுகுழாய், நடுவில் ஒரே பானை. எங்கள் பக்கம் பெண்களை அவரவர் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் அம்மா என்றுதான் கூப்பிடுவது. பிறந்த பெயர் ஆபீஸ் பட்டியலில்தான் இருக்கும். குழாயை வாயிலிருந்து எடுக்காமலே அந்தக் கொழுந்தன் சொன்னான், இனி எங்கள் அண்ணிக்கு தங்கத்தின் அம்மா என்று பெயர் வைத்துவிடலாம் என்று. எனக்குச் சிரிப்பில் கள் மூக்கில் ஏறிவிட்டது. இரண்டே வாரத்தில் கிணற்றடியிலும் சந்தையிலும் அவளுக்கு அதுதான் பெயர். யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் என்னைத்தான் சொன்னார்கள். ஆபீசர் வைத்த பெயர். நான் மறுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளுடைய ஊர்ப்பக்கம் கொடிகளைப் பார்வையிடப் போனேன். வழியில் விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தங்கத்தின் அம்மா வீடு எது என்று கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, வாய் அதுவாகவே கேட்டது. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பாறைப் பக்கம் கை காட்டினாள்.

அமுகே பாறைமேல் சீவிய கிழங்குகளைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று பாறை முழுக்கப் பரவியிருந்தது. வாங்க ஆபீசரே என்றாள், உட்காரச் சொல்லவில்லை. இந்த வருடம் கிழங்கு எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். கொடியில் பூச்சி உண்டா என்று கேட்டேன். அதைத் தங்கத்தின் அம்மாவிடம் கேட்கிறீர்களா, என்னிடம் கேட்கிறீர்களா என்றாள். நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது, ஊர் பிடித்துக்கொண்டது என்று இழுத்தேன். அவள் குனிந்தபடியே துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு முன்னாடி என்னை என்னன்னு கூப்பிட்டாங்க, தெரியுமா?"

தெரியவில்லை. பட்டியலில் அமுகே என்று இருந்தது, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"அகிரோரோட அம்மா. மூத்தவ. ஒம்பது வயசு. காய்ச்சல்ல போயிட்டா, நாலு வருஷமாச்சு." கையிலிருந்த துண்டை வெயில் பார்த்து வைத்தாள். "கிணத்துக்குப் போனா அகிரோரோட அம்மா வழிவிடும்பாங்க. சந்தையில அகிரோரோட அம்மா என்ன விலைம்பாங்க. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அவ பேரு என் காதுல விழும். உசுரோட இருந்தாக்கூட அத்தனை தடவை நான் அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். இப்ப மூணு மாசமா ஒருத்தர் வாயிலயும் வரல."

பாறைச் சூடு செருப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை. அவமானம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. சற்றுமுன் அவள் வீட்டுக்கு வழி கேட்டது நினைவுக்கு வந்தது. வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

அக்கா, அது தங்கம்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். சொன்னவுடன் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தேன்போலும்.

"தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றாள். "மத்தவங்கல்லாம் சிரிக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாத்தாங்க. நீ மட்டும்தான் பெட்டிக்குள்ள பாத்தே. அடடா செத்துப்போச்சேன்னு பாத்தே."

அவள் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்துவிட்டதை அப்போது நான் கவனிக்கவில்லை. தப்புதான் அக்கா, மன்னித்துவிடுங்கள் என்றேன். கொடித் தோட்டத்தை உங்களுக்கே மாற்றித் தருகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"அந்தப் புழு தன்னோட பீயத் தானே முதுகுல சுமக்கும்னு படிச்சுக் காட்டினியே. அது மாதிரி நீயும் மூணு மாசமா சுமந்துகிட்டு வந்திருக்கே. யாரும் இல்லாத பாறையில கொண்டுவந்து இறக்கினா ஆச்சா? சிரிச்சது நாப்பது பேரு." பிறகு, சற்றுத் தணிந்து, "தோட்டம் இகிரிங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு என் பிள்ளை பேரு வேணும்," என்றாள்.

அடுத்த கூட்டம் வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஓலிங்காவிடம் முன்னதாகச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். காய்ச்சல் என்று விடுப்புப் போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை கூட்டத்துக்கு முன்பே கொடித் தோட்டத்துக்குப் போனேன். இலையெல்லாம் சல்லடைக் கண்ணாக ஓட்டை. நாலாவது வரிசையில் அந்த வண்டு இருந்தது. சிறு வயதில் பார்த்த அதே தங்கம், ஒரு சொட்டு உருக்கி இலையில் விட்டதுபோல. மெல்ல எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். மாமரத்தடிக்கு வந்தபோது ஓலிங்கா நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பெட்டியை வைத்திருந்தார். அமுகே வழக்கம்போலப் பின்வரிசையில், மாமர வேரின்மேல்.

சீட்டுகளைப் படிக்கச் சொன்னார் ஓலிங்கா. நான் படிக்கவில்லை.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இங்க நான் பொய் சொன்னேன்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "அகிரோரோட அம்மா சொன்னதுதான் சரி. அந்த வண்டு தங்க நிறம். செத்தாத்தான் பழுப்பாகும். எனக்கு அது சின்ன வயசுலேர்ந்து தெரியும். தெரிஞ்சே அவங்களைக் கேலி பண்ணேன்."

நான் கையைத் திறந்தேன்.

உள்ளங்கையில் இருந்தது பழுப்பு வண்டு. சாகவில்லை, கால்கள் அசைந்தன. ஆனால் தங்கம் போயிருந்தது, செம்மண் பூசியதுபோல மங்கிக் கிடந்தது. பொத்திவைத்தால், பயந்தால், உயிரோடு இருக்கும்போதே அது நிறத்தை விட்டுவிடும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மோதிரம் மங்கினால் தங்கை கையை நீட்டியபடி அசையாமல் நிற்பாளே, எதற்காக? முன்வரிசை எட்டிப் பார்த்தது. பின்வரிசைக்கு விஷயம் போயிற்று. பிறகு அந்தக் கொழுந்தனின் குரல் வந்தது.

"ஆபீசர்கிட்டயும் யாரோ தங்கத்தை மாத்திட்டாங்கடோய்."

சிரித்தார்கள். என் நகைச்சுவைதான், நாற்பது வாய் வழியாக எனக்கே திரும்பி வந்தது. ஓலிங்காவின் நாற்காலி கிறீச்சிட்டது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. வெயில் படட்டும் என்று கையை அப்படியும் இப்படியும் சாய்த்தேன், வண்டு இன்னும் கருத்தது. அன்று அமுகே தீப்பெட்டியைத் துணியில் முடிந்துகொண்டு எப்படி உட்கார்ந்தாள், அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவில்லை. நான் அப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அமுகே எழுந்து வந்தாள். வழியில் தோட்டத்து ஓரத்தில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இலையை என் உள்ளங்கையில் விரித்து வண்டை அதன்மேல் நகர்த்தி வைத்தாள்.

"கைய ஆட்டாதே," என்றாள் மெதுவாக. "பயந்துபோயிருக்கு. பயம் தெளிஞ்சாத்தான் வரும். கொஞ்ச நேரம் சும்மா இரு."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சிரிப்பு ஒவ்வொரு வாயாக ஓய்ந்தது. அவள் என் கைமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர், இருவராக எழுந்து வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். நிழல் விழுகிறது, விலகு என்று யாரோ யாரையோ அதட்டினார்கள். இகிரிங் படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலிருந்து எக்கி எக்கிப் பார்த்தாள்.

"அகிரோரோட அம்மா, தலையக் கொஞ்சம் தள்ளேன்," என்றாள் இகிரிங். "எனக்கு ஒண்ணும் தெரியல."

அமுகேயின் தலை உடனே நகரவில்லை. என் மணிக்கட்டின்மேல் அவள் மூச்சு பட்டது, பிறகு சற்று நேரம் படவில்லை. இலையில் வண்டு கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதன் கண்ணாடி ஓரத்துக்கு அடியில் இலையின் பச்சை நரம்பு தெரிந்தது. நடுவில் இன்னும் பழுப்புதான்.