உலர்த்துக் கொட்டகையின் கதவு

வெயில் ஏறுவதற்குள் செடிகளை உலுக்கிவிட வேண்டும். அக்டோபர் மாதத்தில் அந்த மலையில் நாள் தொடங்குவது அப்படித்தான்.

கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி, வட கலிஃபோர்னியாவின் அந்தச் சரிவில் ஒவ்வொரு கஞ்சாச் செடியின் மேலும் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. செடி என்பது பேச்சுக்குத்தான். இரண்டு ஆள் உயரம்; நாலு பேர் கைகோத்தால்தான் சுற்றி வளைக்க முடியும். கம்பிக் கூண்டும் மூங்கிலும் தாங்காவிட்டால் கதிர்களின் கனத்திலேயே கிளை பிளந்து விழும். எர்லிந்தா கூண்டுக்குள் தோள்வரை கைவிட்டு நடுத்தண்டைப் பிடித்து உலுக்கினாள். பனிநீர் கழுத்தில் விழுந்து முதுகெல்லாம் ஓடியது. அடுத்த செடி. அதற்கடுத்த செடி. பிசின் விரல்களில் கறுப்பாய் அப்பி, கையை மூடினால் திறக்க வரவில்லை.

ஈரம் தங்கினால் கதிருக்குள் பூஞ்சை பிடிக்கும். வெளியே எல்லாம் பச்சையாகவே இருக்கும். ஓர் இலை மட்டும் மஞ்சளாகும். இழுத்தால் அது எதிர்ப்பில்லாமல் கையோடு வரும். உள்ளே பார்த்தால் சாம்பல். ஆறு மாத உழைப்பு மூன்றே நாளில் சாம்பலாகிவிடும். மறுநாள் பெருமழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. மிச்சமுள்ள நூற்று நாற்பது செடிகளையும் இன்றைக்குள் வெட்டிக் கட்டித் தொங்கவிட்டாக வேண்டும்.

பன்னிரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். பதின்மூன்றாவது ஆளான நிகனோரைக் காணவில்லை.

மற்ற நாளென்றால் எல்லாருக்கும் முன்னால் எழுந்து காபி போட்டுவைப்பவர் அவர்தான். மெக்சிகோவில் எர்லிந்தாவின் ஊர்க்காரர். அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாய் நின்றவர். அதனால் அவளை 'கொமாத்ரே' என்றே கூப்பிடுவார். அது கூடப்பிறந்த உறவைவிட ஒரு படி மேல். மூன்று நாளாக அவரை உலர்த்துக் கொட்டகைக்குள்ளேயே படுக்கச் சொல்லியிருந்தான் முதலாளி வேட். உள்ளே டீசல் ஜெனரேட்டரும் ஹீட்டரும் ஓடின. கதிர் காய வேண்டும், காவலும் வேண்டும்.

நேற்று மதியம் பீன்ஸும் சோள ரொட்டியும் தின்னும்போது அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தலை வெடிக்குது கொமாத்ரே. ரொட்டிகூட டீசலாத்தான் மணக்குது."

"வெளிய வந்து படுங்களேன்."

"வெளிய குளிருல சாகச் சொல்றியா? அடுத்த தடவை என்னைப் படைக்கும்போது செடியாப் படைக்கச் சொல்லணும் சாமிகிட்ட. குளிருனா ஹீட்டர். பூச்சினா மருந்து. கொஞ்சம் சாஞ்சா உடனே ஒரு மூங்கில்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்த வேகத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எர்லிந்தா கையை உதறிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். ஜெனரேட்டர் சத்தம் இல்லை; ராத்திரியே டீசல் தீர்ந்து நின்றிருக்க வேண்டும். கதவின் நாலு விளிம்பிலும் அகலமான டேப் ஒட்டியிருந்தது. இழுத்துக் கிழித்தாள். வெதுவெதுப்பான காற்று, டீசல் புகை நெடியோடு முகத்தில் மோதியது.

தலைகீழாகத் தொங்கிய கதிர்களுக்கடியில், சாக்குமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார் நிகனோர். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கல்யாண வீட்டில் ஆடிவிட்டு வந்து படுத்தவர் போலிருந்தார். ஒரு கணம் அவள் ஏமாந்தே போனாள்.

"எழுந்திருங்க. காபிகூடப் போடலை இன்னைக்கு" என்றாள். தோளைத் தொட்டாள். தோள் மரமாய் விறைத்திருந்தது.

அவள் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடிவந்தார்கள். மேஸ்திரி எலியோதோரோ அவரை வெளியே இழுத்துப் புல்லில் கிடத்தி, நெஞ்சில் கைவைத்து அமுக்கினான். அமுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் இரண்டு பேர் அவனைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

வேட் சரிவின் உச்சியிலிருந்த தன் வீட்டிலிருந்து செருப்பில்லாமல் இறங்கிவந்தான். தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அது பொய் என்று எர்லிந்தாவால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் எழுந்தபோது வேறு ஆளாக எழுந்தான்.

"எலியோ, வண்டியை எடு. நிக்கைத் தூக்கிப் பின்னால போடுங்க. டவுன் ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிட்டு வந்துரு. ரோட்டோரம் கெடந்தாரு, யாருன்னு தெரியாதுன்னு சொல்லு."

யாரும் அசையவில்லை. வேட் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த மாநிலத்தில் உரிமம் வாங்கிக் கஞ்சா வளர்க்கலாம்; கீழ்த்தோட்டத்துக்கு மட்டும்தான் அவனிடம் அது இருந்தது. மேட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கும் செடிகளும் இந்தக் கொட்டகையும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

எர்லிந்தா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"யாருன்னு தெரியாதா? ஆறு வருஷமா உங்க தோட்டத்துல இருக்காரு. அவரு பேரென்ன, சொல்லுங்க முதலாளி."

"நிக். இப்ப எதுக்கு அது?"

"நிக் இல்ல. நிகனோர் வரோக்கோ. ஊர்ல ஒத்தீலியானு பொண்டாட்டி இருக்கா. பேரில்லாத பொணமா நீங்க விட்டுட்டு வந்தா, அவ எந்த வாசல்ல போய்த் தேடுவா? ஞாயித்துக்கிழமை போன் வரலையேன்னு சாகுற வரைக்கும் உக்காந்திருப்பாளே!"

வேட் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. ஷெரீஃப் போலீஸ் வந்தா, இந்த நாட்டுல இருக்க உங்ககிட்ட காகிதம் இருக்கான்னுதான் முதல்ல கேப்பான். நான் உங்களைக் காப்பாத்தத்தான் சொல்றேன். தோட்டத்துக்கு சீல் வெச்சா உங்க பொழப்பும் போச்சு. நாளைக்கு மழை. முதல்ல வெட்டி முடிங்க. அப்புறம் பேசலாம்."

"அவருக்கு ஏது அப்புறம்?"

"அவர் ஏன் கதவை அடைச்சுக்கிட்டுப் படுத்தாரு? அது என் தப்பா?"

அப்போதுதான் எலியோதோரோ வாயைத் திறந்தான். அதுவரை தன் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு அடைக்கலை. நேத்து ராத்திரி நான்தான் வெளியில டேப் ஒட்டினேன். வாசனை ரோடு வரைக்கும் போகுது, அடைன்னு நீங்க சொன்னீங்க. உள்ளே ஆளு இருக்காரேன்னேன். ஒருநாள்தானேன்னீங்க. ஒட்டிட்டேன்." கொட்டகைப் பக்கம் கையை நீட்டினான். "கதவுக்குப் பின்னால நின்னு அவரு கேலி பண்ணினாரு. 'ஏண்டா, என்னையும் சேத்துக் காயப்போடுறியா'ன்னு."

எர்லிந்தாவுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கையும் எழுந்தது. ஆனால் அந்தக் கை போய் விழுந்தது அவன் தோளில். அவன் குழந்தையைப் போல அழுதான்.

இதைக் கேட்டு வேட் பின்வாங்குவான் என்று நினைத்தால் அதுதான் இல்லை. "சரி, வெட்டுறவங்க வெட்டுங்க. மத்தவங்க மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கெளம்புங்க" என்றான்.

வேலையாட்களில் பாஹுவா என்றொரு பெண் இருந்தாள், மோங் இனத்தவள். லாவோஸிலிருந்து அகதிகளாய் வந்தவர்களின் மகள். மற்றவர்கள் பேசும் ஸ்பானிஷில் அவளுக்குத் தெரிந்தது இருபது வார்த்தைகள்தான். நடந்த பேச்சில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. டேப் தொங்கும் கதவைப் பார்த்தாள். புல்லில் கிடந்தவரைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த கிளைவெட்டும் கத்தரியை உருவி, நிகனோரின் கால்மாட்டில் வைத்துவிட்டு அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

அதற்குப்பின் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கத்தரியாய் வந்து விழுந்தது. இரண்டு பேர் மட்டும், காகிதமில்லாத அண்ணன் தம்பி, காட்டுவழியாகப் போய்விடுவதாகச் சொன்னார்கள். "போங்கப்பா, உங்களை யாரும் குத்தம் சொல்லமாட்டோம்" என்றாள் எர்லிந்தா. போகுமுன் தங்கள் கம்பளியை எடுத்து நிகனோருக்குப் போர்த்திவிட்டுப் போனார்கள்.

"போனைப் போடுடா எலியோ" என்றாள் அவள்.

"போட்டா என்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க, அக்கா."

"பிடிக்கலாம். பிடிச்சா நாங்க அத்தனை பேரும் வந்து நடந்ததைச் சொல்லுவோம். நீ தனியா இல்ல."

சிக்னல் கிடைக்கும் பாறைமேல் அவன் ஏறினான். ஷெரீஃப் அலுவலகத்துக்குப் பேசினான். இடம் சொன்னான், பெயர் சொன்னான்: "நிகனோர் வரோக்கோ. வேலை செய்யிற இடத்துல செத்துட்டார்." மலைப்பாதை, வந்துசேர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். பிறகு பக்கத்து மலைத் தோட்டத்தில் மேஸ்திரியாயிருக்கும் தன் சித்தப்பா மகனுக்கும் நடந்ததைச் சொன்னான். "உங்க கொட்டகையையும் போய்ப் பாரு. யாராவது உள்ள படுக்குறாங்களான்னு பாரு" என்றான்.

மழை மறுநாள்வரை காத்திருக்கவில்லை. பத்து மணிக்கே தூற ஆரம்பித்தது. வேட் தானே ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் ஓடினான். ஒற்றை ஆளாய் ஒரு கிளையை வெட்டினான். அதன் கனம் தாங்காமல் சேற்றில் உட்கார்ந்தான். எர்லிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன்மேல் பரிதாபம் வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அந்தச் செடிகளை அவள் ஏப்ரலில் விரலளவு நாற்றாக நட்டவள். அவை கண்ணெதிரே நனைவது அவளுக்கும் வலித்தது.

தார்ப்பாயை நாலு மூங்கிலில் கட்டி நிகனோருக்கு மேல் பிடித்தார்கள். எர்லிந்தா ஜெபமாலையைச் சொன்னாள். மற்றவர்கள் பின்பாட்டாகச் சொன்னார்கள். வார்த்தை தெரியாத பாஹுவா ஒவ்வொரு முடிவிலும் ஆமென் மட்டும் சொன்னாள்.

மூன்றாம் சுற்றில் கீழே பாதையில் சத்தம் கேட்டது. போலீஸ் என்று எல்லாரும் விறைத்தார்கள். எலியோதோரோ எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். ஆனால் அது வண்டிச் சத்தமில்லை. செம்மரங்களின் நடுவே, மூடுபனிக்குள்ளிருந்து, ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முதலில் ஆறேழு பேர். பின்னால் இருபது. அவர்களுக்கும் பின்னால் இன்னும் தலைகள் தெரிந்தன. எல்லார் கையிலும் அதே கறுப்புப் பிசின். பக்கத்து மலையில், தங்கள் தோட்டத்தில் வெட்டாமல் நின்ற செடிகளை மழையில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

முன்னால் வந்த பெரிய உடம்புக்காரி, தலையிலிருந்த சாக்கை எடுத்துவிட்டு, கம்பளிக்கு முன்னால் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். எர்லிந்தா இதற்குமுன் அவளைப் பார்த்ததேயில்லை.

"எங்க கொட்டகையில மூணு பேரு படுத்திருந்தாங்க. கூட்டிட்டு வந்துட்டோம்" என்றாள் அவள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்டாள்:

"நாங்க எங்க உக்காரட்டும்?"

எர்லிந்தா நகர்ந்து இடம்விட்டாள்.